தட்டில் விழும் காரீயம்

"தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குத் தோட்டாவைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்கவிருக்கும் அன்பர்களுக்கு முதலிலேயே விடை கூறிவிடுகிறேன். எனக்குச் சுடத் தெரியாது. துப்பாக்கி உரிமமும் என்னிடம் இல்லை. ஆனால், அந்தத் தோட்டாவால் வீழ்ந்த காட்டுப்பன்றியின் இறைச்சியைத் தின்றுவிட்டு மறுநாள் காலையில் வகுப்பில் வந்து அமரும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆகவே, இதைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கு உண்டு என்றே கருதுகிறேன்.

அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, பெற்றோர் ஒருவர் தாம் புதிதாகத் துப்பாக்கி வாங்கியிருப்பதைச் சொன்னார். சிறிய செம்பனைத் தோட்டம் வைத்திருப்பவர். நட்ட கன்றுகளை இரவோடு இரவாகப் பன்றிகள் தோண்டித் தின்றுவிடுகின்றன; உரிமத்திற்கு எழுதிப் போட்டுக் காத்திருந்து பெற்றிருக்கிறார். நல்லது. உடனே சுற்றி நின்றவர்கள் ஆளுக்கோர் அறிவுரை வழங்கத் தொடங்கினார்கள். "எஸ்.ஜி. போடுங்க, அதுதான் பன்றிக்குச் சரி" என்றார் ஒருவர். "எல்.ஜி. இன்னும் பெருசு, ஒரே அடி" என்றார் மற்றவர். அடுத்த பேச்சு, இறைச்சி கிடைத்தால் யார் யாருக்குப் பங்கு என்பதாக இருந்தது. அந்தத் தோட்டா எந்த மாழையால் ஆனது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கேட்டபோது, "என்ன சார், ஈயம்தானே!" என்று சிரித்தார்கள்.

'ஈயம்தானே' என்ற அந்தச் சொல்லை எதிர்த்துத்தான் இதனை எழுதுகிறேன்.

முதலில் நம் மொழியே நம்மை ஏமாற்றும் இடத்தைச் சுட்டிக்காட்ட வேண்டும். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு வேறுபட்ட மாழைகளுக்கு வழங்குகிறது. ஒன்று வெள்ளீயம். பேராக்கிலும் சிலாங்கூரிலும் மண்ணைத் தோண்டி எடுத்தார்களே, கிந்தாப் பள்ளத்தாக்கை உலகப் படத்தில் ஏற்றியதே, அது வெள்ளீயம். பாட்டி இரசம் வைத்த ஈயச் சொம்பும் வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம் பூசினார்கள் என்றால் அதுவும் வெள்ளீயமே. மற்றொன்று காரீயம். தோட்டாவில் இருப்பது இது. இரண்டும் வெவ்வேறு தனிமங்கள். வெள்ளீயத்தின் அணு எண் 50, காரீயத்தின் அணு எண் 82. வெள்ளீயத்தின் அடர்த்தி நீரைப் போல ஏழு மடங்கு சொச்சம். காரீயத்தின் அடர்த்தி பதினொரு மடங்குக்கு மேல். "ஈயச் சொம்பில் இரசம் வைத்துத் தின்று வளர்ந்தவர்கள்தானே நம் முன்னோர், அவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று வாதிடும் பெரியவர்கள், தெரியாமல் ஒரு மாழைக்குரிய நற்சான்றிதழை வேறொரு மாழைக்கு எடுத்துக் கொடுக்கிறார்கள். பள்ளியில் அறிவியல் பாடத்தைத் தமிழில் நடத்துகிற நாம்கூட இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வதில்லை. இனிமேல் தோட்டாவைப் பற்றிப் பேசும்போதாவது காரீயம் என்றே சொல்லிப் பழகுவோம். நான் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

(போகிற போக்கில் இன்னொன்று. பென்சிலின் நடுவில் இருப்பதையும் சிலர் காரீயம் என்கிறார்கள். அது கரிமத்தின் ஒரு வடிவம். பிள்ளை பென்சிலைக் கடித்தால் அதட்டுங்கள். ஆனால் நஞ்சு என்று அலற வேண்டாம்.)

காரீயம் ஏன் தோட்டாவுக்கு வந்தது? மலிவானது, கனமானது, மெத்தென்றிருப்பது, எளிதில் உருகுவது. நாம் பன்னிரண்டாம் எண் துப்பாக்கி என்று சொல்கிறோமே, அந்த எண்ணே காரீயத்தைக் கொண்டு வகுக்கப்பட்டதுதான். குழலின் உள்விட்டத்திற்குச் சரியாகப் பொருந்தும் காரீய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. ஆகவே அது பன்னிரண்டாம் எண். அவ்வளவு பழைய உறவு! நீள்குழல் ரைபிளிலும் இதே கதைதான். வேட்டைக்கென விற்கப்படும் ரைபிள் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றில் வெளியே செம்புக் கவசம், உள்ளே காரீயக் கரு. விலங்கின் உடலில் பாய்ந்ததும் முனை காளானைப் போல் விரிந்து, பெரிய காயத்தை உண்டாக்கி, விரைவாகச் சாகடிக்கும்.

இந்த விரியும் தோட்டாவின் வரலாற்றில் வேடிக்கை ஒன்று உண்டு. 1890களில் கல்கத்தாவுக்கு அருகே தம்தம் என்னும் இடத்திலிருந்த ஆங்கிலேயர் படைக்கலத் தொழிற்சாலையில் இத்தகைய தோட்டா செய்யப்பட்டது. 'தம்தம் தோட்டா' என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். மனிதர்மீது பயன்படுத்துவது மிகக் கொடுமை என்று 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் போரில் அதனை விலக்கின. ஆனால் வேட்டையில் அதுவே இரக்கம் எனக் கொள்ளப்படுகிறது; விரியாத போர்த் தோட்டா விலங்கின் உடலைத் துளைத்துக்கொண்டு மறுபுறம் போய்விடும், விலங்கு காயத்தோடு ஓடி எங்கோ ஒரு புதரில் கிடந்து சாகும் என்பதால் பல நாடுகளில் மான் வேட்டைக்கு அதற்குத் தடை இருக்கிறது. விரைவாகச் சாக வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். விரிவதற்குக் காரீயம்தான் வேண்டும் என்பதைத்தான் ஏற்கவில்லை.

காரீயம் விரிவதோடு நிற்பதில்லை, உதிர்கிறது. ரைபிள் தோட்டா ஒரு நொடிக்கு எண்ணூறு மீட்டர் அளவு விரைவில் எலும்பில் மோதும்போது, மெத்தென்ற அந்த மாழை தூள்தூளாகச் சிதறி இறைச்சிக்குள் பரவுகிறது. கண்ணுக்குத் தெரிந்த துண்டைப் பொறுக்கி எறிந்துவிடலாம். மணலினும் சிறிய தூளை யார் பொறுக்குவது? பல்லிலும் படாது, நாக்கிலும் தெரியாது.

இதனை நான் ஊகித்து எழுதவில்லை. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், வழக்கமான காரீயத் தோட்டாவால் சுடப்பட்ட 30 மான்களை ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வோர் உடலிலும் மாழைத் துணுக்குகள். பிறகு அந்த மான்களை இறைச்சி வெட்டும் கடைகளில் கொடுத்து, வழக்கம்போல் துப்புரவாக வெட்டி அரைத்துப் பொட்டலம் கட்டச் சொன்னார்கள். தொழில் தெரிந்தவர்கள் வெட்டிய 234 பொட்டலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் துணுக்குகள் இருந்தன. அதோடு விடவில்லை. துணுக்கு இருந்த இறைச்சியைப் பன்றிகளுக்குத் தின்னக் கொடுத்து, அவற்றின் குருதியைச் சோதித்தார்கள். இரண்டே நாளில் குருதியில் காரீயம் ஏறியிருந்தது. பன்றியின் செரிமானம் மனிதருடையதைப் பெரிதும் ஒத்தது என்பதால்தான் பன்றியைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கோ நாம் அந்தப் பன்றியையே சுட்டு மனிதருக்குக் கொடுக்கிறோம்.

அதற்கு முந்திய ஆண்டு, 2008இல், வட டகோட்டா மாநிலத்தில் ஏழைகளுக்கு இலவசமாக வழங்க வேட்டைக்காரர்கள் கொடையாகத் தந்த அரைத்த மான் இறைச்சியில் காரீயம் கண்டுபிடிக்கப்பட்டு, உணவு வங்கிகளிலிருந்து அது திரும்பப் பெறப்பட்டது. கொடுத்தவர்கள் நல்ல மனத்தோடு கொடுத்தார்கள். நம் தோட்டப்புறங்களில் பங்கு பிரித்து வீட்டுக்கு வீடு கொடுத்தனுப்புகிறவர்களும் நல்ல மனத்தோடுதான் கொடுக்கிறார்கள்.

"அதெல்லாம் ரைபிள் சார். நம்மிடம் இருப்பது செனாப்பாங் பாத்தா" என்பீர்கள். உண்மை. நம் தோட்டப்புறங்களில் காணப்படுவது பெரும்பாலும் மடக்கித் தோட்டா போடும் ரவைத் துப்பாக்கியே. அதன் ரவை ரைபிள் தோட்டாவைப் போல் அவ்வளவு தூளாவதில்லை. ஆனால் ஒரு தோட்டாவுக்குள் ஒரு குண்டு இல்லை, பல குண்டுகள். எலும்பில் பட்டவை நசுங்கித் தேய்கின்றன. சில உள்ளேயே தங்கிக் குழம்புச் சட்டிக்குப் போகின்றன. இப்போது ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஆசிரியன் அல்லவா, கணக்கில்லாமல் விடமாட்டேன்.

எஸ்.ஜி. ரவை எட்டுச் சேர்ந்தால் ஓர் அவுன்சு, அதாவது 28 கிராம் சொச்சம். ஒரு ரவை ஏறத்தாழ மூன்றரை கிராம், 3,500 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியத்தில் கடையில் விற்கும் பன்றி, மாடு, கோழி இறைச்சியில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமுக்குமேல் காரீயம் இருக்கக்கூடாது. அப்படியானால் ஒரே ஒரு மில்லிகிராம் காரீயம் பத்துக் கிலோ இறைச்சியை அந்த எல்லையில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஒரு ரவையில் மூவாயிரத்து ஐந்நூறில் ஒரு பங்கு தேய்ந்து உதிர்ந்தால் போதும்! உடலில் பாய்ந்தது ஒரு ரவை அன்று என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கடையில் வாங்கும் இறைச்சிக்கு ஆய்வு உண்டு, அலுவலர் உண்டு, முத்திரை உண்டு. காட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் சாக்கு மூட்டையில் வரும் இறைச்சிக்கு யார் பொறுப்பு? சுட்டவர்தான். ஆகவே தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும் அந்த நேரமே ஆய்வு நேரம்.

சரி, காரீயம் பிள்ளைகளை என்ன செய்யும்? இங்கே நான் சற்று விரிவாகவே எழுத வேண்டும். ஏனெனில் இது நம் தொழிலைத் தொடுகிற இடம்.

உடல் காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று தவறாக எண்ணி ஏற்றுக்கொள்கிறது. எலும்பிலும் பல்லிலும் கொண்டுபோய்ச் சேமித்து வைக்கிறது. அங்கே பல்லாண்டுகள் கிடக்கும். பெண் கருவுற்றிருக்கும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து குழந்தைக்குப் போகுமே, அப்போது இந்தக் காரீயமும் சேர்ந்து போகும். இன்று தின்பது நாளைக்குப் பிறக்கவிருக்கும் பிள்ளைக்கும் சேரும் என்பது இதனால்தான். வயிற்றுக்குள் போன காரீயத்தில் பெரியவர்கள் உறிஞ்சுவதைப்போல் நான்கைந்து மடங்கைச் சிறு பிள்ளைகள் உறிஞ்சிக்கொள்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். அறிவுத்திறன் குறைதல், கவனம் நிலைக்காமை, படபடப்பு, முன்கோபம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, மருத்துவரிடம் ஓடத் தோன்றாது. மிகுதியாகச் சேர்ந்த பிறகுதான் வயிற்று வலியும் குருதிச் சோகையும் தலைகாட்டும்.

தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதுதான் அந்நிறுவனத்தின் நிலைப்பாடு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிள்ளைகளின் குருதியில் ஒரு டெசிலிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம் என்று 1991இல் வைத்திருந்த எச்சரிக்கை அளவை, 2012இல் ஐந்தாகவும் 2021இல் மூன்றரையாகவும் குறைத்தது. அறிவியல் வளர வளர அளவு இறங்கிக்கொண்டே வருகிறது.

என் வகுப்பில் கவனமில்லாமல் இருக்கும் பிள்ளைக்கெல்லாம் காரீயமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும். வறுமை, உறக்கமின்மை, கைப்பேசி, காலை உணவின்மை என்று காரணங்கள் எத்தனையோ. அவற்றுள் பலவற்றை ஆசிரியராலோ பெற்றோராலோ ஒரே நாளில் மாற்ற முடியாது. இதனை மாற்றலாம். கடையில் ஒரு பெட்டியை வைத்துவிட்டு இன்னொரு பெட்டியை எடுத்தால் போதும். அவ்வளவு எளிய ஒன்றைச் செய்யாமல் இருப்பதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. பெட்ரோலில் காரீயம் வேண்டாம் என்று உலகமே ஒழித்துக்கட்டி, கடைசி நாடான அல்ஜீரியாவிலும் 2021இல் அது நின்றுவிட்டது. புகையாக வந்த காரீயத்துக்கு அஞ்சினோம். கறியில் வரும் காரீயத்தை மட்டும் கேள்வியில்லாமல் பிள்ளைக்கு ஊட்டுகிறோம்.

இனி, எதிர்வாதங்களுக்கு வருவோம்.

"ரவையை விழுங்கினாலும் அப்படியே வெளியே வந்துவிடும்" என்பது முதல் வாதம். முழு ரவை பெரும்பாலும் வெளியே வரும் என்றே வைத்துக்கொள்வோம், தூள் வராது. வயிற்றில் இருப்பது அமிலம். போதாக்குறைக்கு நம் சமையலிலும் அமிலம். காடை இறைச்சியில் காரீய ரவையை வைத்துச் சமைத்துப் பார்த்த எசுப்பானிய ஆய்வாளர்கள், வினிகர் சேர்த்துச் சமைக்கும்போது இறைச்சிக்குள் இறங்கும் காரீயம் பெருமளவு கூடுவதைக் கண்டார்கள். நாம் காட்டு இறைச்சியின் வாடை போவதற்கு எலுமிச்சையைப் பிழிந்து ஊறவைக்கிறோம். புளி கரைத்து ஊற்றுகிறோம். சிலர் வினிகரும் விடுகிறார்கள். மணிக்கணக்கில் வேகவைக்கிறோம். உள்ளே ரவை கிடந்தால் என்ன ஆகும் என்பதைத் தனியே எழுதத் தேவையில்லை. வேகவைத்தால் கிருமி சாகும். காரீயம் தனிமம், எந்த அடுப்பும் அதனை அழிக்காது.

"எங்கள் தாத்தா காலத்திலிருந்து தின்கிறோம், நன்றாகத்தானே இருக்கிறோம்?" என்பது இரண்டாவது. தாத்தாவின் குருதியை யாரும் சோதிக்கவில்லை. அவர் எப்படி இருந்திருக்கக்கூடும் என்பதை யாரும் அறியார். மேலும் தாத்தா காலத்தில் மாதத்திற்கு ஒருமுறை கிடைத்தது, இன்று குளிர்ப்பெட்டியில் அடைத்து வைத்து வாரந்தோறும் தின்னக் கிடைக்கிறது. மூல நோய்க்கு நல்லது என்று சொல்லி வேறு ஊட்டுகிறார்கள். ஊட்டப்படும் சிறுவனுக்கு மூலம் இருக்கிறதா என்று கேட்டால் விடையில்லை!

மூன்றாவது வாதம்தான் துப்பாக்கிக்காரர்கள் நெஞ்சார நம்புவது: "காரீயம் இல்லாத தோட்டாவுக்குப் பலம் போதாது." இதில் 'பலம்' என்ற மாயையை முதலில் உடைக்க வேண்டும். கரமோஜா பெல் என்று அழைக்கப்பட்ட இசுக்காட்லாந்துக்காரர் ஒருவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். (அதைப் பாராட்ட நான் இங்கே எழுதவில்லை, யானையைக் கொன்று புகழடைந்த அந்தத் தலைமுறையை நினைத்தாலே எனக்குக் கசக்கிறது.) மற்றவர்கள் தோளை உடைக்கும் பெருந்துப்பாக்கிகளைத் தூக்கித் திரிந்தபோது, அவர் பெரும்பாலும் பயன்படுத்தியது 7 மில்லிமீட்டர் அளவிலான சிறிய ரைபிள். எங்கே படுகிறது என்பதே கணக்கு. எவ்வளவு பெரியது என்பது அதற்குப் பிறகுதான். உதைப்பு மிகுந்த தோட்டாவைப் போட்டுவிட்டு, விசையை அழுத்தும் முன்பே கண்ணை மூடிக்கொள்கிறவர் பன்றியைக் காயப்படுத்தி அனுப்புவார். காயம்பட்ட பன்றி அடுத்த நாள் பால்மரம் வெட்டப் போகிறவர்மீது பாயும்.

காரீயம் இல்லாத ரைபிள் தோட்டா என்றால், முழுக்க முழுக்கச் செம்பால் ஆனது. 1980களின் இறுதியில் அமெரிக்காவில் பார்ன்ஸ் நிறுவனம் விற்கத் தொடங்கிய பிறகு பரவியது. இன்று பெரிய நிறுவனங்கள் பலவும் செய்கின்றன. முனையில் குழி, உடலில் பட்டதும் இதழ்களாக விரியும், எடையில் பெரும்பகுதியை இழக்காமல் ஊடுருவிச் செல்லும். டென்மார்க்கில் செம்புத் தோட்டாவால் சுடப்பட்ட அறுநூற்றுக்கும் மேற்பட்ட விலங்குகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள்; காரீயத் தோட்டாவுக்கு அது இளைத்ததில்லை என்பதே முடிவு. அந்நாடு காரீய ரவையை 1996இலேயே முற்றாகத் தடை செய்துவிட்டது. 2024 ஏப்ரலில் காரீய ரைபிள் தோட்டாவையும் வேட்டையிலிருந்து விலக்கியது. அங்கே வேட்டை அழிந்துவிடவில்லை.

ஐரோப்பா வேறு, ஆசியா வேறு என்பாரும் உண்டு. அப்படியானால் சப்பானைப் பாருங்கள். ஹொக்கைடோ தீவில் காரீயத் தோட்டாவால் சுடப்பட்ட மான்களின் மிச்சத்தைத் தின்ற கடற்கழுகுகள் செத்து விழுந்தன. 2000ஆம் ஆண்டிலிருந்து மான் வேட்டையில் காரீய ரைபிள் தோட்டாவுக்கு அங்கே கட்டுப்பாடு வந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியப் பெருங்கழுகு 1982இல் உலகிலேயே 22தான் எஞ்சியிருந்தது. பிடித்து வளர்த்துப் பெருக்கிக் காட்டில் விட்டால், அவற்றை மீண்டும் கொல்வது பெரும்பாலும் காரீயமே எனத் தெரிந்தது. 2013இல் சட்டம் இயற்றி, 2019 சூலை முதல் மாநிலம் முழுவதும் வேட்டையில் காரீயத்தைத் தடுத்தார்கள். கூட்டரசு அளவில் நடந்ததோ கேலிக்கூத்து: 2017 சனவரியில் ஒபாமா ஆட்சியின் கடைசி நாள்களில் கூட்டரசு வனவிலங்குக் காப்பகங்களில் காரீயத்தைப் படிப்படியாக விலக்க ஆணை பிறந்தது, மார்ச்சில் புதிய உள்துறைச் செயலர் பதவியேற்ற கையோடு, முதல் வேலையாக அதனை நீக்கினார். கழுகுக்கு வாக்குரிமை இல்லை.

எல்லாருக்கும் கழுகின்மேல் இத்தனை கரிசனம் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் செருமனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம், சிறு பிள்ளைகளும் கருவுற்ற பெண்களும் கருவுற எண்ணும் பெண்களும் காரீயத்தால் சுடப்பட்ட இறைச்சியைத் தவிர்க்க வேண்டும் என்று அறிவுறுத்தியிருக்கிறது. பிரிட்டனின் உணவுத் தர நிறுவனமும் 2012இல் ஏறத்தாழ இதையே கூறியது. நம் ஊரில் இதைச் சொல்ல ஒரு சுவரொட்டிகூட என் கண்ணில் பட்டதில்லை.

நான்காவது, விலை. ஆம், கூடுதல்தான். மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சுடுகலச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவர் உரிமத்தில் கண்ட அளவுக்குமேல் தோட்டா வாங்கவே முடியாது. பன்றியைச் சுட 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பெர்ஹிலித்தானின் அனுமதியும் வேண்டும். ஆண்டுக்கு எத்தனை தோட்டா சுடப்போகிறீர்கள்? ஒரு பன்றியில் நாற்பது ஐம்பது கிலோ இறைச்சி கிடைக்கிறது. ஒரு தோட்டாவில் கூடும் சில வெள்ளியை அதனால் வகுத்துப் பாருங்கள். துப்பாக்கிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவர், தலைவிளக்குக்கும் நாய்க்கும் காலணிக்கும் கணக்குப் பார்க்காதவர், பிள்ளையின் தட்டில் விழும் பொருளுக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறார்!

ஆனால் ஒன்று. காரீயத்தை விடுவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் கூடாது. மாழையின் இயல்பு வேறு. துப்பாக்கி அதற்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். ரைபிள் வாங்கும் வெளிநாட்டு உறவினர் உங்களுக்கு இருந்தால் இதைச் சொல்லுங்கள்: செம்பின் அடர்த்தி ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு, காரீயத்தினும் இலேசு. ஒரே எடையில் செம்புத் தோட்டா நீளமாக இருக்கும். நீளமான தோட்டாவை நிலையாகச் சுழற்றக் குழலின் உள்முறுக்கு விரைவாக இருக்க வேண்டும். ஆகவே காரீயத்தில் 180 கிரெய்ன் எடை சுட்டவர் செம்பில் 150 அல்லது 165 கிரெய்னுக்கு இறங்குவது வழக்கம். எடை குறைவதால் விரைவு கூடும். செம்பு நன்கு விரிவதற்கு அந்த விரைவு தேவையும்கூட. பழைய தோட்டாவின் படிவு குழலில் இருந்தால் குறி பிசகும். நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே வகை, அடுத்தடுத்த எண் கொண்ட இரு ரைபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரேபோல் சுடா. இரண்டு மூன்று வகையை வாங்கி, தாளில் சுட்டு, எது நெருக்கமாக விழுகிறதோ அதைக் கொள்ள வேண்டும். காட்டில் விலங்கின் உடலில் சோதனை செய்யக்கூடாது.

ரவைத் துப்பாக்கிக்கு வந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். எஃகு ரவை கடினமானது. காரீயத்தைப் போல் நசுங்கி வழிவிடாது. பாட்டன் காலத்துத் துப்பாக்கியிலோ, வாய் மிக இறுகிய குழலிலோ அதைப் போட்டால் குழல் கெடும், ஆபத்தும் உண்டு. குழலில் பொறித்திருக்கும் குறிப்பைத் துப்பாக்கிக் கடைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள். எஃகின் அடர்த்தி எட்டுக்கும் குறைவு. தொலைவு செல்லச் செல்ல வேகம் விரைவில் குறையும். சிறிய எஃகு ரவையைத் தொலைவிலிருந்து பன்றிமேல் தெளிப்பது வெறும் கொடுமை. பிசுமத்து ரவை காரீயத்துக்கு நெருங்கிய அடர்த்தியும் மென்மையும் உடையது, பழைய குழலுக்கும் தீங்கு செய்யாது, ஆனால் விலை மிகுதி. ஒற்றைக் குண்டாகச் செம்பில் செய்யப்பட்டவையும் உலகச் சந்தையில் உண்டு. உங்கள் ஊர்க் கடைக்காரர், "அப்படி ஒன்று இல்லை" என்றால் இன்னொரு முறை கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு முன்பே வரவழைத்து வைப்பார். வணிகர் இயல்பு அது. இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் சிக்கல்.

காரீயத் தோட்டாவைத் தவிர வேறெதுவும் கிடைக்காத வரையில் என்ன செய்வது என்று அந்தப் பெற்றோர் என்னைக் கேட்டார். சொன்னேன். காயத்தைச் சுற்றி ஒரு சாணுக்குக் குறையாமல், குருதி கட்டிக் கறுத்த பகுதி முழுவதையும், தாராளமாக வெட்டி எறியுங்கள். ரைபிளாக இருந்தால் தூள் ஓரடிக்கு அப்பாலும் போயிருக்கும், இன்னும் தள்ளி வெட்டுங்கள். கழுவினால் போய்விடும் என்று நம்பாதீர்கள்; கழுவும் நீர் தூளைப் பரப்பும். அந்தப் பகுதியைக் கொத்துக்கறியாக அரைக்கவே கூடாது. புளி, எலுமிச்சை, வினிகர் வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைக்கும் கருவுற்ற பெண்ணுக்கும் அந்தக் கறியே வேண்டாம். அவர்களுக்குச் சந்தையில் கோழி வாங்கிக்கொள்ளுங்கள். வெட்டி எறிந்ததை நாய்க்குப் போடாதீர்கள், வீட்டுக் கோழிக்கும் போடாதீர்கள். கோழி தன் இரைப்பையில் கல்லை வைத்து அரைத்துச் செரிக்கிற உயிர். அங்கே காரீயம் சிக்கினால் அதையும் மாவாக அரைக்கும். அந்தக் கோழியின் முட்டையை மறுபடி உங்கள் பிள்ளைதான் தின்னும். குடலையும் கழிவையும் குழி தோண்டி ஆழப் புதையுங்கள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "இவ்வளவு இருக்கா சார்?" என்றார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி ஏழு மாதம்.